தலைக்குட்டைக்குச் செய்த மரியாதை

கிர்கிஸ்தானின் தாஷ்-கோரோவில் போராட யாருக்கும் தடையில்லை. மனுப் போட்டால் போதும். ஆட்டுச்சந்தைக்குப் பின்னால், புழுக்கைக்கு நடுவே, அரைமணி நேரம் ஜனநாயகம் ஒதுக்கிக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் சமைக்கும் சைராகுல் முறையாகத்தான் அனுமதி வாங்கினாள். சுரங்கக் கழிவை வாய்க்காலில் விடாதே என்று கத்தப்போன மகன் மிர்லானைப் போலீஸ் பிடித்துப் போய்ப் பதினோரு நாள். இருக்கிறானா செத்தானா என்று சொல்லக்கூட ஆளில்லை. "என் பிள்ளையைக் காட்டுங்கள்" என்று அட்டையில் எழுதிக்கொண்டு, மூன்று பெண்களோடு போய் நின்றாள்.

நாலு பெண்களுக்கு நாற்பது போலீஸ்! கேடயமென்ன, தடியென்ன, தலைக்கவசமென்ன! மேஜர் தோக்தோசுன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அக்கா, அரைமணி முடிஞ்சுபோச்சு. கலைஞ்சு போங்க."

"பிள்ளையக் காட்டு, போறேன்."

"மேலிடத்துல கேக்கணும்."

"பதினோரு நாளாக் கேக்குறியே, உங்க மேலிடம் என்ன செவிடா?"

மேஜருக்கு முகம் சிவந்தது. கையை உயர்த்தினார். தடிகள் கிளம்பின. சைராகுல் தன் வெள்ளைத் தலைக்குட்டையை உருவி நடுவில் வீசினாள். அவ்வளவுதான், நாற்பது பேரும் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டார்கள். சண்டைக்கு நடுவே ஒரு தாய் எறிந்த குட்டையைத் தாண்டுகிறவன் ஆம்பளையே இல்லை என்று கேட்டு வளர்ந்த கிர்கிஸ் பிள்ளைகள் அல்லவா!

"தாண்டுங்கடா!"

"நீங்க தாண்டுங்க சார், பின்னாலயே வர்றோம்" என்றது ஒரு தலைக்கவசம்.

மேஜரும் தாண்டவில்லை. ஆனால் சட்டம் படித்த மூளை சும்மா இருக்குமா? பெண் போலீஸ் குல்பாராவைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அவள் குனிந்து குட்டையை எடுத்து, மண்ணைத் தட்டி, அழகாக மடித்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"மன்னிச்சிருங்கக்கா."

சைராகுலுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்திலும் மரியாதை தெரிந்த பெண்! வாங்கித் தலையில் கட்டிக்கொண்டாள், பைத்தியக்காரி.

"இப்போ தரையில ஒண்ணும் கிடக்கலையே? போங்கடா!" என்றார் மேஜர்.

தடியோடு போனார்கள்.

சாயங்காலம் மேஜர் அறிக்கை எழுதினார். மரபுக்கு உரிய மரியாதை தரப்பட்டது. குறைந்தபட்ச பலமே பயன்படுத்தப்பட்டது. போராட்டக்காரரின் கோரிக்கை ஏற்கப்பட்டது.

கடைசி வரி பொய்யில்லை. விலா எலும்பு இரண்டு முறிந்த சைராகுலைத் தள்ளிப் பூட்டிய அறைக்கு எதிரே, கம்பிக்குப் பின்னால், ஒரு கண் வீங்கி மூடிய முகத்தோடு மிர்லான் நின்றான்.

"நீ ஏம்மா வந்தே?" என்று அழுதான்.

"உன்னப் பாக்கணும்னு மனுப் போட்டேன்டா" என்றாள் அவள். "குடுத்துட்டாங்க."