நூற்றுத் தொண்ணூற்றொன்று

படித்த முட்டாள் என்று ஒரு ரகம் உண்டு. அதில் முதல் வரிசை நான்.

காலை பத்து மணிக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உள்ள நர்ஸ் மேஜையில் புதுக் கம்ப்யூட்டரை மாட்டினேன். உள்ளே எட்டுக் கட்டில்கள். எட்டுப் பேரின் இதயத் துடிப்பும் இந்த ஒரே திரையில் ஓட வேண்டும்; யாருக்காவது தடுமாறினால் இங்கே அலாரம் அடிக்க வேண்டும். எட்டுக் கட்டங்களும் சாம்பல் நிறத்தில் வெறுமையாகக் கிடந்தன.

ஆறாவது கட்டிலில் என் அப்பா. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், நோயாளியின் சொந்தக்காரர்கள் இங்கே வேலை பார்க்கக் கூடாது என்று துரத்திவிடுவார்கள். பார்வையாளர் நேரம் மாலை ஐந்துக்குத்தான். வேலைச் சாக்கிலாவது கதவுக்குப் பக்கத்தில் இருக்கலாமே, திரையிலாவது அவரைப் பார்க்கலாமே என்ற நப்பாசை.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். "என்ன கம்ப்யூட்டரம்மா, வருமா வராதா? ஒத்த ஆளா எட்டுக் கட்டிலுக்கும் ஓடுறேன். காலு ரெண்டும் கழண்டுரும் போல."

"அஞ்சே நிமிஷம் சிஸ்டர்."

அந்த ஐந்து நிமிடம் இரண்டு மணி நேரமானது. கேபிளை மாற்றினேன். ஸ்விட்ச்சை மாற்றினேன். வேண்டாத தெய்வமில்லை. மவுஸைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

நான்காவது முறையாக அமைப்புகளைத் திறந்தபோதுதான் மாஸ்க், அதாவது நெட்வொர்க் வலையின் அளவைச் சொல்லும் வரி, கண்ணில் பட்டது. 255.255.0.0. இரண்டே இரண்டு 255. மூன்றல்லவா இருக்க வேண்டும்?

நாம் அடிக்கும் வலை முகவரியின் முதல் எண்ணை வைத்து அந்த வரியைக் கம்ப்யூட்டர் தானாகவே நிரப்பும். 1 முதல் 126 வரை ஏ வகுப்பு, மிகப் பெரிய வலைகளுக்கு, ஒரு 255. 128 முதல் 191 வரை பி வகுப்பு, இரண்டு. 192 முதல் 223 வரை சி வகுப்பு, எங்களைப் போன்ற சின்ன வலைகளுக்கு, மூன்று. அப்படியென்றால் முதல் எண்ணே தப்பு. 192 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 191 என்று அடித்திருக்கிறேன். கட்டில்கள் எல்லாம் ஒரு வலையில், மேஜை மட்டும் வேறொரு வலையில். தப்பான வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாய் என்று அந்த வரி காலையிலேயே சொல்லியிருக்கிறது. பார்த்தும் பார்க்காமல் ஓகே அழுத்தியவள் நான்.

திருத்தினேன். முதல் கட்டத்தில் பச்சை அலை ஓடியது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஏழு. எட்டு.

ஆறு மட்டும் வரவில்லை.

ஆறாம் கட்டில் மெஷினின் முகவரியைத் தனியாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதிலில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். பதிலில்லை. எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. சனியனே, வந்து தொலை என்று திரையைத் திட்டினேன்.

நர்ஸ் வந்து, அன்று முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆறுக்கு மெனக்கெடாதம்மா. மெஷினைக் கழட்டியாச்சு. பெரியவர் போயிட்டார், அரை மணி நேரமாச்சு. நான் நாலாம் கட்டில்ல இருந்தேன். திரும்பிப் பாக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது."

என் விரல் விசைப்பலகை மேலேயே இருந்தது.

"காலையிலேருந்து ஒரே கேள்விதான் பாவம். 'எம் பொண்ணு வந்துட்டாளா, எம் பொண்ணு வந்துட்டாளா'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் வரலைன்னேன். வேற என்ன சொல்றது?"

"வந்திருந்தேன் சிஸ்டர்" என்றேன். "பத்து மணியிலேருந்து இங்கதான் இருக்கேன்."