பூங்காவுக்கு ஒரு பூஜ்யம்

1.
இந்தக் கதை ஒரு வரி நோட்டீசின் பின்பக்கத்தில் பிறந்தது. எழுதக் காகிதம் தேடியபோது அதுதான் கைக்குக் கிடைத்தது. முன்பக்கத்தில், எங்கள் குடியிருப்பின் பொதுப் பூங்காவை வீடு கட்டும் மனையாக மதிப்பிட்டு வரி போட்டிருந்தார்கள்.

முதல் வரி: அந்தி வெயில் ஊஞ்சலில் சாய்ந்து…

(வேண்டாம். வரிக் கதைக்கு அந்தி வெயில் எதற்கு?)

2.
குடியிருப்போர் சங்கச் செயலாளரிடமிருந்து தொடங்குகிறேன். மேல்முறையீடு செய்தவர் அவர்தான். வரி குறையாவிட்டால் வீட்டுக்கு வீடு பங்கு ஏறும். தரைத்தளத்துத் தையல்காரம்மா வீட்டை விற்றுவிட்டுப் போகவேண்டியதுதான். வரி அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்றதும் செயலாளர் எல்லாரிடமும் சொல்லிவைத்தார்: "பூங்காவ யாரும் தொடாதீங்க. குப்பை அப்படியே கிடக்கட்டும். பத்துப் பைசா பெறாதுன்னு தோணணும்."

(இவரைத் தந்திரசாலியாக எழுதப் பார்த்தேன். முடியவில்லை. பொய் சொன்னால் காது சிவந்துவிடுகிறது.)

3.
அதிகாரி வரும் நாள் காலையில் பூங்காவுக்கு வந்த செயலாளருக்குத் தலை சுற்றியது. புல் வெட்டியிருந்தது. ஊஞ்சல் சங்கிலியில் எண்ணெய். பெஞ்சுக்குப் பச்சைப் பெயிண்ட்.

"யாரு பண்ண வேலை இது?"

"நான்தாண்ணே." தையல்காரம்மா கையில் துடைப்பம்.

"ஏம்மா, உன் வீட்டுக்காகத்தானே நான் இவ்வளவும்…"

"தெரியும்ண்ணே. அதுக்காக வர்ற மனுஷன் குப்பைலயா நிப்பாரு?"

4.
அதிகாரி வந்தார். பெஞ்சின் கைப்பிடியில் கை ஊன்றினார். (பெயிண்ட் காயவில்லை. சத்தியமாக நான் வைத்த வலை இல்லை.)

"நல்லாத்தான் இருக்கு. என்ன விலை பெறும்?"

"இது சும்மா, ஒண்ணுக்கும்…" செயலாளரின் காது சிவந்தது.

"விலையா? யாருகிட்ட விக்கிறதுங்க?" என்றார் தையல்காரம்மா. "நாப்பது வீட்டுக்கும் சொந்தம். விக்கவே கூடாதுன்னு பத்திரத்துலயே இருக்கு. அண்ணே, அதக் காட்டுங்க!"

குப்பையைக் காப்பாற்றும் மும்முரத்தில் செயலாளர் பையிலிருந்த பத்திரத்தையே மறந்திருந்தார். எடுத்து நீட்டினார். "இதோட மதிப்பு எங்க வீட்டு விலையிலேயே அடங்கியிருக்குங்க. அதுக்கு ஏற்கெனவே வரி கட்டுறோம்." இப்போது காது சிவக்கவில்லை.

அதிகாரி படித்தார். பேனாவைத் திறந்தார்.

5.
முடிவு ஒன்று: பெயிண்ட் பட்ட கோபத்தில் அவர்… (கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: உடனே பூங்காவின் மதிப்பு பூஜ்யம், எல்லாரும் கைதட்டுகிறார்கள். (கடவுள்கூட இவ்வளவு அவசரப்படமாட்டார்.)

எனக்குக் கருணையில் நம்பிக்கை உண்டு. ஆனால் தீர்ப்பை நானே எழுதினால் அது பிரார்த்தனை ஆகிவிடும், கதை ஆகாது. அதனால் பேனாவை உங்களிடம் தருகிறேன். அதிகாரியால் இப்போது எழுத முடியாது. அவருடைய வலது கை தையல்காரம்மாவிடம் இருக்கிறது. "அசையாதீங்க சார்" என்று சட்டைக் கையில் பட்ட பெயிண்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அதிகாரியும் சொன்னபடி அசையாமல் நிற்கிறார்.

பூஜ்யம் சின்ன வட்டம்தான்.