அறுபத்துமூன்று கடைசி நினைவூட்டல்கள்

எங்கள் ஊரில் தொங்கு ரயிலில் இருந்து ஒரு யானை ஆற்றுக்குள் குதித்தது. நான் வருவதற்கு முன்னம், ஐம்பதாம் ஆண்டில். யானைக்குச் சின்னக் கீறல், அவ்வளவுதான். வுப்பர்டாலில் ஆரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். அந்த யானையை நம்புகிறவர்கள், இதே ஊரில் முப்பத்தொன்பது வருஷமாக நனைந்துகொண்டிருக்கிற சிறீதரனாகிய நான் சொல்வதையும் நம்பத்தான் வேண்டும்.

எனக்கு இலேசில் கோபம் வராது. கடைசியாக வந்தது தொண்ணூற்றொன்றில். அன்றைக்கு வுப்பர் ஆறு மூன்று நிமிஷம் பின்பக்கமாக ஓடியது. அதற்குப் பிறகு பொதுநலம் கருதி நான் கோபப்படுவதில்லை. இந்தச் செப்டெம்பர் வரைக்கும்.

புதன்கிழமை காலமை சுந்தரேஸ்வரி ரெலிபோன் எடுத்தாள். என் கூட்டாளி கனகலிங்கத்தின் மனைவி.

"சிறீ அண்ணை, இவர் கனடாவுக்குப் போகமாட்டாராம்."

"ஞாயிற்றுக்கிழமை பிளேன் எல்லோ, தங்கச்சி?"

"ஓம். சூட்கேசும் கட்டி முடிச்சது. இப்ப ஒவ்வொண்டா வெளியாலை எடுத்து வைக்கிறார். பருத்தித்துறை வடையையும் எடுத்திட்டார்."

வடையையும் எடுத்துவிட்டான் என்றால் விஷயம் பெரிது. ரொறன்ரோவில் கனகுவின் பெரியக்காவுக்கு அடுத்த வியாழக்கிழமை இருதயத்தில் ஒப்பரேஷன். வயது எண்பத்துநாலு. "வெட்டிறதுக்கு முதல் தம்பியின்ரை முகத்தை ஒருக்காப் பாக்கவேணும்" என்று அவ சொல்லி, மருமகன் டிக்கெற் எடுத்து அனுப்பியிருந்தான். அக்காவும் தம்பியும் கண்டு பதினொரு வருஷம்.

மழை. என் பச்சைக் குடையை எடுத்துக்கொண்டு போனேன். புதுக் குடை, ஜூன் மாதத் தெருவிழாவில் இனாமாகக் கிடைத்தது. குடையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவசரப்படாதேங்கோ.

கனகு மேசையில் இருந்தான். அவனுக்கு முன்னால் தாள்களைத் துளைபோட்டுக் கோக்கிற தடித்த கோப்பு ஒன்று, வயிறு ஊதிக் கிடந்தது.

"என்ன மச்சான், தேவாரத் திரட்டோ?"

"பகிடியை விடு, சிறீ. என்ர பேரிலை ஒரு கேஸ் திறந்து கிடக்கு."

கோப்பை என் பக்கம் திருப்பினான். எல்லாம் மின்னஞ்சல்கள். ஒவ்வொன்றையும் அச்செடுத்து, துளை போட்டு, மூலையில் வந்த திகதியும் நேரமும் பென்சிலால் எழுதி வைத்திருந்தான். அவனுடைய பிரின்ரர் குடித்த மையில், மை விற்கிற கடைக்காரன் மயோர்க்காத் தீவில் வீடு வாங்கிவிட்டான். நான் வாசித்தேன்.

'கனகலிங்கம், இது உங்களுக்கான கடைசி நினைவூட்டல்.'

'கனகலிங்கம், உங்கள் பதில் இன்னும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.'

'உங்கள் நிலை: முடிவுறாதது. இன்று நள்ளிரவுடன் கெடு முடிகிறது.'

'கனகலிங்கம், நாங்கள் ஏமாற்றமடைந்துள்ளோம்.'

எல்லாம் நல்ல இடாய்ச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், தடித்த எழுத்தில், சிவப்புக் கோடு போட்டு. அடியில், எறும்பு கண்ணாடி போட்டால் வாசிக்கக்கூடிய எழுத்தில்: 'நாளைய வுப்பர்', நகரசபைத் தேர்தலில் நிற்கிற ஒரு சுயேச்சைக் குழு. அவர்களுக்குப் பத்து யூரோ நன்கொடை வேண்டுமாம். அதற்குத்தான் இவ்வளவும்.

"மடையா, இது எலெக்ஷன்காரர் காசு கேக்கிறாங்கள். கிழிச்செறி."

"காசுதான் எண்டால் ஏன் முடியேல்லை? போன மாசமே பத்து யூரோ அனுப்பிப்போட்டன். அதுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ரெண்டு வருது. பார், 'நிலை முடிவுறாதது' எண்டு கிடக்கு. கேஸ் முடியாமல் நாட்டை விட்டு வெளிக்கிடலாமோ?"

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை. எண்பத்தாறில் நாங்கள் இரண்டு பேரும் கிழக்கு பேர்லினில் இறங்கி, மேற்குக்கு வந்து அகதித் தஞ்சம் கேட்டு அசூல் அடித்து, ஒரே அகதி ஹைமில் ஒரே இரும்புக் கட்டிலில் மேலும் கீழுமாகக் கிடந்தவர்கள். மஞ்சள் உறையில் கடிதம் வரும். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு கெடு இருக்கும். கெடுவுக்குள் பதில் போடாதவன் கட்டில் அடுத்த கிழமை வெறுமையாக இருக்கும். கேஸ் முடியும்வரை மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. கனகு ஒருமுறை தாண்டினான். பதினொரு கிலோமீற்றர் தள்ளி ஒரு கலியாணவீடு. ரயிலில் பிடித்து இரண்டு இரவு உள்ளே வைத்தார்கள். அதற்குப் பிறகு அவன் நித்திரையில் உருண்டு எல்லை தாண்டிவிடுவேன் என்று பயந்து, காலைக் கட்டிலோடு கட்டிக்கொண்டு படுத்தவன். கயிறு என்னுடையது.

இப்போது அவனிடம் சிவப்புப் பாஸ்போட் இருக்கிறது. இருபது வருஷமாக இந்த நாட்டுக் குடிமகன். ஆனால் 'கடைசி நினைவூட்டல்' என்ற சொல்லுக்கு அது தெரியாது. அந்தச் சொல் நேரே அந்த இரும்புக் கட்டிலுக்குப் போய்விடுகிறது.

"கனகு, இவங்கள் அரசாங்கமில்லை. சத்தியமா."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அரசாங்கமில்லையெண்டால் என்ர ஈமெயில் இவங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான் கோயிலுக்குக்கூடக் குடுக்கேல்லை. மகளிட்டை இருக்கு, வெளிநாட்டவர் கந்தோரிலை இருக்கு, அவ்வளவுதான். சொல்லு, எப்பிடித் தெரியும்?"

நான் குடையைப் பார்த்தேன். குடையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எப்பிடியும் தெரியும்தானே" என்றேன். என் வாயில் இருந்து வந்த பொய்களில் மிகக் கேவலமானது அது. நான் சொன்ன மற்றப் பொய்களுக்கு ஒரு கலைநயம் இருக்கும்.

கீழே இருந்த 'விலகுதல்' என்ற இணைப்பை அமத்தச் சொன்னேன். "கந்தோர் அனுப்பின கடிதத்தை நானா நிறுத்திறதோ?" என்று பதறினான். அவன் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து நானே அமத்தினேன். 'கனகலிங்கம், ஏன் எங்களைக் கைவிடுகிறீர்கள்? இதுவே உங்கள் கடைசிச் சந்தர்ப்பம்' என்று உடனே ஒரு மின்னஞ்சல் வந்தது. திரும்பி வந்தவன் அதையும் அச்செடுத்தான். அறுபத்துமூன்றாவது. அதோடு பிரின்ரரில் மை முடிந்தது.

ஆக, அந்தக் குழுவே தன் கையால் 'உங்களுக்கு ஒரு கேசும் இல்லை' என்று எழுதித் தந்தால்தான் உண்டு. சனிக்கிழமை காலமை அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு நகர மையமான எல்பர்பெல்டுக்குப் போனேன். கடைத்தெரு நடுவில் 'நாளைய வுப்பர்' கூடாரம் போட்டு, பேனையும் பலூனும் கொடுத்துக்கொண்டிருந்தது. சாண்ட்ரா என்று பெயர் குத்தியிருந்த இடாய்ச்சுப் பிள்ளை என் குடையைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தாள்.

"ஆ, நீங்கள் எங்கள் ஆள்!"

"நான் ஒருவருடைய ஆளுமில்லை. வேட்பாளரைக் கூப்பிடு."

வேட்பாளர் ஐங்கரன். முப்பத்திரண்டு வயது, இங்கேயே பிறந்தவன், பல்லெல்லாம் ஒரே அளவு. தமிழ்ச் சனத்தின் வாக்கும் தனக்குத்தான் என்று ஜூன் மாதம் வடையும் சாப்பிட்டுக் காட்டியவன்.

"வணக்கம் அங்கிள்! எப்பிடிச் சுகம்?"

கோப்பை மேசையில் போட்டேன். பலூன் ஒன்று வெடித்தது. "இதை எழுதினது நீயோ?"

நாலைந்து தாளைத் தட்டிப் பார்த்தான். சிரித்தான். "இதெல்லாம் ஒட்டோமற்றிக், அங்கிள். கொம்பியூட்டர் அனுப்பும். நான் வாசிச்சதே இல்லை."

"அடியிலை உன்ர பேர் கிடக்கு."

"ஒருத்தரும் இதுகளை வாசிக்கிறேல்லை அங்கிள், அழிச்சுப்போடுவினம்."

"ஒருத்தன் வாசிக்கிறான். துளையும் போடுறான். எழுபத்தெட்டு வயசு. உன்ர கடிதத்துக்குப் பயந்து, சாகக் கிடக்கிற அக்காவைப் பாக்கப் போகேலாமல் இருக்கிறான். கடைசி நினைவூட்டல் எண்டு ஏன்ரா போட்டனீ?"

அவனுக்குக் கொஞ்சம் சங்கடம். ஆனாலும் கெட்டிக்காரப் பிள்ளை, விளக்கம் சொல்லத் தொடங்கினான். "நாங்கள் ரெஸ்ற் பண்ணினாங்கள், அங்கிள். 'ஆதரவு தாருங்கள்' எண்டு போட்டால் நூறு பேரிலை எட்டுப் பேர்தான் திறக்கினம். 'கடைசி நினைவூட்டல்' எண்டால் இருபத்தாறு. எங்கட ஆக்கள் இன்னும் கூட."

"எங்கட ஆக்கள் ஏன் கூடத் திறக்கினம் எண்டு யோசிச்சியோ?"

"ஆர்வம்..." என்றான்.

"உன்ர அப்பருக்கும் இது போகுதோ?"

பல்லை மூடினான். கொஞ்ச நேரம் பேனைகளை அடுக்கினான். "அப்பாவை லிஸ்ற்றிலை இருந்து எடுத்திட்டன், அங்கிள். அவருக்குப் பிரஷர் ஏறினது."

நான் பாலத்துப் பக்கம் பார்த்தேன். ஆறு நின்றுவிட்டது. சத்தியமாக நின்றது, இரண்டு வாத்துகள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் என்னையே பார்த்தன.

"உன்ர அப்பருக்குப் பிரஷர் எண்டால் நிப்பாட்டத் தெரியுது! ஊரான்ரை அப்பனுக்கு வந்தால் அது நூற்றுக்கு இருபத்தாறோ! உன்ர கொப்பனும் அந்த ஹைம் கட்டிலிலை கிடந்தவன்தான். அவன் பயந்த பயத்தை எடுத்து நீ சனத்துக்கு விக்கிறாய், பலூனும் குடுக்கிறாய்!"

சனம் கூடிவிட்டது. சாண்ட்ரா ஓடிப்போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். ஐங்கரன் அதற்குள் துளாவி ஒரு அட்டையை எடுத்து, நிம்மதியாக மூச்சுவிட்டான்.

"அங்கிள், நாங்கள் சும்மா அனுப்பேல்லை. அவர்தான் கேட்டு எழுதித் தந்திருக்கிறார். இஞ்சை பாருங்கோ, தெருவிழாவிலை. கையெழுத்தும் இருக்கு."

பார்த்தேன். பெயர்: கனகலிங்கம். மின்னஞ்சல்: கனகுவின் மின்னஞ்சல். எழுத்து: என்னுடைய எழுத்து.

இனிக் குடையைப் பற்றிச் சொல்கிறேன். அட்டை நிரப்பினால்தான் குடை என்றார்கள். மழை. நான் என் மின்னஞ்சலைக் கடவுளுக்கும் கொடுக்கிறவன் இல்லை, குப்பைக் கடிதம் வரும் என்று. கனகுவின் மகள் அவனுக்கு மின்னஞ்சல் திறந்து கொடுத்தபோது கடவுச்சொல்லைக்கூட நான்தான் யோசித்துக் கொடுத்தவன். கனகுவின் பெயரையும் மின்னஞ்சலையும் பகிடியாக எழுதினேன். நாலு ஆங்கிலக் கடிதம், மூன்று இடாய்ச்சுக் கடிதம் வரும், கனகு தலையைச் சொறிவான், நான் சிரிப்பேன் என்று நினைத்தேன். கீறிக் கையெழுத்தும் போட்டேன். குடை நல்ல குடைதான்.

புதன்கிழமை முதல் எனக்கு வந்த கோபத்தில் பாதி எங்கே போகவேண்டியது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

"அவரை அழிச்சுவிடுறன், அங்கிள்" என்றான் ஐங்கரன், குரலைத் தணித்து. "ஆனால் சிஸ்ரத்திலை தேர்தல் முடிஞ்சாப் பிறகுதான் ஏலும்."

"கேஸ் இல்லை எண்டு ஒரு கடிதம் எழுதித் தா."

"கேஸே இல்லாததுக்கு எப்பிடி அங்கிள் கடிதம் எழுதிறது? அதை ஆரும் படம் எடுத்துப் போட்டால்?"

குடையைச் சுருக்கி அவனுடைய பேனைகளுக்கு மேலே வைத்தேன். அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். சாண்ட்ரா அது தங்களுடைய ஆவணம் என்றாள். இது என்னுடைய எழுத்து என்றேன். நனைந்துகொண்டே கனகுவின் வீட்டுக்கு நடந்தேன்.

கனகு வாசலில் நின்றான். "என்னவாம்? முடிச்சுத் தந்திட்டாங்களோ?"

அட்டையை அவன் கையில் கொடுத்தேன். வாசித்தான். என் எழுத்து அவனுக்குத் தெரியும். ஹைமில் அவனுக்கு வந்த முதல் கடிதத்துக்குப் பதில் எழுதிக் கொடுத்ததே அந்த எழுத்துத்தான்.

"இது நீயோ?"

"ஓம்."

"ஏன்?"

"குடைக்கு."

சுந்தரேஸ்வரி குசினி வாசலில் கரண்டியோடு நின்றாள். கனகு மேசையில் இருந்து, கோப்பின் வளையத்தைத் திறந்தான். 'டக்' என்றது. அறுபத்துமூன்று தாளையும் மெல்ல எடுத்து, ஓரம் தட்டி அடுக்கி, எழுந்து, முழுவதையும் என் முகத்தில் எறிந்தான். முப்பத்தொன்பது வருஷத்தில் கனகு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. தொங்கு ரயிலில் போன சனம் அன்றைக்குக் கேட்டது.

"கவுண்மெந்துக்குப் பயந்து அரைவாசிச் சீவியம் போச்சு! மிச்சச் சீவியம் உன்ர குடைக்குப் பயப்பிடவோடா? புதன்கிழமை கேட்டன், என்ர ஈமெயில் எப்பிடித் தெரியுமெண்டு. வாயைத் திறந்தியோ? இந்த மேசையிலை இருந்து என்ர தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தாய்!"

"மச்சான்..."

"மச்சானெண்டாதை! ஒரு கந்தோருக்கு மனிசன் பயப்பிடலாம். உன்னைப்போல ஒரு குடைக்கள்ளனுக்குப் பயந்து நான் அக்காவைப் பாக்காமல் விடுறதோ? சுந்தரேஸ்வரி, எடு சூட்கேசை!"

"வடையையும் வைக்கவோ?" என்றாள் அவள்.

"வை. இவனுக்கு ஒண்டும் குடாதை."

ஞாயிற்றுக்கிழமை டுசல்டோர்ப் விமான நிலையத்துக்கு அவனை மகள் கொண்டுபோய் விட்டாள். என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான். எல்லைச் சோதனையில் சிவப்புப் பாஸ்போட்டை இரண்டு கையாலும் நீட்டினானாம். பொலிஸ்காரன் படத்தைப் பார்த்து, ஆளைப் பார்த்து, "நல்ல பயணம்" என்றானாம். கனகு நகரவில்லையாம். "வேறை ஒண்டும் பாக்கத் தேவையில்லையோ?" என்று கேட்டானாம். பின்னால் நின்றவன் தள்ளித்தான் உள்ளே போனானாம்.

பெரியக்கா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒப்பரேஷனுக்குப் போனா. வெளியில் வந்து முதல் சொன்னது, "தம்பி மெலிஞ்சுபோனான், வடையை ஏன் எனக்குக் கொண்டந்தவன்?" என்பதாம். இதெல்லாம் சுந்தரேஸ்வரி சொன்னது. கனகு எனக்கு ஒரு சொல்லும் அனுப்பவில்லை.

ஐங்கரன் வென்றான். அதற்கு நான் என்ன செய்ய? ஆறு நின்றதை நான் சொன்னால் நம்பாத சனம் அவனை நம்பியது.

நேற்று எனக்கு ரொறன்ரோவில் இருந்து பதிவுத் தபால் வந்தது. மஞ்சள் உறை. அந்த நிறத்தைக் கனடாவில் எங்கே தேடிப் பிடித்தானோ தெரியாது. உள்ளே தட்டச்சு செய்த ஒரு தாள், கனகுவின் கையெழுத்தோடு:

'திரு. சிறீதரன் அவர்களுக்கு. பொருள்: குடை. இக்கடிதத் திகதியில் இருந்து பதினாலு நாட்களுக்குள் நடந்ததற்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்கவேண்டும். தவறின் நட்பு இரத்துச் செய்யப்படும். இது முதல் நினைவூட்டல். உமது நிலை: முடிவுறாதது.'

திகதியைப் பார்த்தேன். பதினாலில் பன்னிரண்டு நாளைத் தபாலே தின்றுவிட்டது! வெளிநாட்டவர் கந்தோர்கூட ஒரு மாதம் தந்தது! எனக்கு வந்த கோபத்தில் ஆறு எந்தப் பக்கம் ஓடியது என்று பார்க்க நேரமில்லை. இரவிரவாக இருந்து எழுதினேன். நாலு பக்கம், அதில் ஒரு பொய் இல்லை. அதனால்தான் இவ்வளவு நேரம் எடுத்தது. ஒரு பிரதியைத் துளை போட்டுக் கோப்பில் வைத்தேன். மற்றதை உறையில் போட்டு, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டேன்.

தபால் கந்தோர் ஒன்பது மணிக்குத் திறக்கும். வெளியில் நல்ல மழை. என்னிடம் குடை இல்லை.