டெபோரா பெயரில் போன விமானம்

சேலையூர் சர்ச்சில் டெபோராவின் புது வேலைக்காக ஜெபம் பண்ணிய போதகர், "பார்சல் அனுப்பும் பணியை எங்கள் சகோதரிக்கு அருளினீரே, ஸ்தோத்திரம்!" என்று உருகிவிட்டார். டிஸ்பாட்சர் என்றால் கேம்ப் ரோட்டில் பாதிப் பேருக்கு கூரியர்தான். விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், இறங்கும் ஊரில் வானிலை எப்படி, எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று திட்டம் போட்டுக் கையெழுத்திடுகிற வேலை என்று ஒவ்வொருவருக்கும் விளக்கி, அவள் அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

அந்தக் கையெழுத்தைத் தனியாகப் போட்ட முதல் காலை, டெபோராவுக்கு வந்தது சென்னை-பெங்களூர் விமானம். பெங்களூரில் பனிமூட்டம். விமானம் மேலேயே சுற்றிக் காத்திருக்க நேரலாம் என்று கொஞ்சம் எரிபொருள் கூட்டிப் போட்டிருந்தாள். சீனியர் கிரீஷ் போண்டாவைக் கடித்தபடி வந்து குனிந்தார்.

"என்னம்மா இது, ஃபிளைட்டா டேங்கர் லாரியா? வெயிட் ஏறினா கம்பெனிக்குத்தான் நஷ்டம். ரூல்படி வேண்டியது இருக்குல்ல? அதோட அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

அட்ஜஸ்ட்! இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எதைத்தான் செய்யவில்லை? பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவது ஆள் இடித்து உட்கார்ந்தாலும் அட்ஜஸ்ட், சாக்கடை வீட்டுக்குள் வந்தாலும் அட்ஜஸ்ட். ஆகாயத்தையாவது விட்டுவைக்கக் கூடாதா?

"சார், பனி விலக லேட்டாகும் போல..."

"எல்லாம் விலகிடும்." எண்ணெய் விரலாலேயே அவள் கீபோர்டைத் தட்டி, கூட்டிப் போட்டதை அழித்தார். அவள் வேலை நிரந்தரமாவது அவர் வாயில் இருந்தது. டெபோரா தன் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். கேப்டனும் ஒத்துக்கொண்டார்.

பனி விலகவில்லை. எரிபொருள் கூட்டிப் போட்டிருந்த மற்ற விமானங்கள் காத்திருந்து இறங்கின. இது மட்டும் காத்திருக்க எரிபொருள் போதாமல், இறங்காமலே சென்னைக்குத் திரும்பியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "யார் போட்ட பிளான்?" என்று மேலதிகாரி கத்தியபோது, "புதுப் பொண்ணு சார், போகப் போகக் கத்துக்கும்" என்றார் கிரீஷ், வாயைத் துடைத்துக்கொண்டே. தாளில் இருந்தது டெபோராவின் பெயர். அவர்மேல் வந்த அருவருப்பில் பாதி அவளுக்குத் தன்மேலேயே வந்தது.

அந்த வாரமே அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். "நாளைக்குத் தூத்துக்குடி ஃபிளைட் உன் டூட்டிதானே? ஒய்ஃபும் பொண்ணும் போறாங்க. மழை வேற சொல்றாங்க. கொஞ்சம் தாராளமா போட்டுடும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் கூச்சம் என்பது மருந்துக்கும் இல்லை.

"பெங்களூர் போனவங்களுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க சார்."

"அது வேற, இது வேறம்மா" என்று சிரித்தார்.

மறுநாள் தூத்துக்குடியில் நிஜமாகவே மழை. யார் ஏறினாலும் கூட்டிப் போட வேண்டிய மழை. போடாமல் விட்டு இவர் மூக்கை உடைக்கலாம்தான். ஆனால் அதில் இவர் வீட்டார் மட்டுமா போகிறார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு, வேண்டிய அளவு முழுவதையும் போட்டுக் கையெழுத்திட்டாள்.

கிரீஷ் எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக அவள் தோளில் தட்டினார்.

"சூப்பர்மா! இப்பதான் நீ நம்ம ஆளு."