ஞாயிற்றுக்கிழமை நித்திரை

என் மகள் ஆரபிக்குப் பகல் நித்திரை பழக்கியது நான்தான். ஒரு காலத்தில் இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். இப்போது அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆறு மாதம் வரை அவள் பகலில் அரை மணித்தியாலத்துக்கு மேல் தூங்கியதில்லை. நான் மிசிசாகாப் பக்கம் விமான நிலையத்தில் இரவு வேலை செய்கிறவன், சரக்கு ஏற்றுகிற வேலை. என் மனைவி நிலாணி சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிட்டாள். அதனால் பகலில் பிள்ளை என் பொறுப்பு. பார்க்க வந்த நேர்ஸ் ஒருத்தி ஒரு விஷயம் சொன்னாள். அரை மணித்தியாலத்தில் பிள்ளையின் நித்திரை கொஞ்சம் கலையுமாம். அழத் தொடங்கிய பிறகு ஓடிப் பயனில்லை, அசைகிறபோதே முதுகில் கையை வைத்துத் தட்டிவிட வேண்டுமாம். நான் ஜன்னலுக்குக் கறுப்புக் குப்பைப் பை ஒட்டினேன். வெளிச் சத்தம் கேளாதபடி குசினியில் அடுப்புக்கு மேலிருக்கிற ஃபானை ஓட விட்டேன். இலங்கைக்கு ஸ்பீக்கர் போட்டுக் கதைக்கிற சனங்களை வீட்டுப் பக்கம் அண்ட விடவில்லை. ஒரு மாதத்தில் அரை மணித்தியாலம் ஒன்றரையாகியது. நானும் அவளோடு படுக்கலாம் என்று நினைத்தால், தட்டுகிறவனுக்கு ஏது நித்திரை!

நிலாணியும் நானும் பிரிந்த கதையைச் சொன்னால் கேட்கிறவருக்கும் கொட்டாவி வரும். அடிதடி இல்லை, வேறு ஆளும் இல்லை. இரண்டு பேரும் களைத்துப்போனோம், ஒருவர் களைப்பை மற்றவர் நம்பவில்லை. அவ்வளவுதான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகரத்தின் மறு முனையில், ரூஜில் இருக்கிற தமக்கை துர்க்கா வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு பக்கத்து லோயர்மாரும் இருந்து பேசி, ஞாயிறு பகல் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை நான் அங்கே போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அந்த நேரத்தைக் கேட்டு வாங்கியவனும் நான்தான். அப்போது ஆரபி காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை தூங்குவாள். நடுவில் இருந்த அந்த நேரம் முழுக்கச் சிரிப்பும் விளையாட்டும்தான்.

பிள்ளை வளரும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரு வயது தாண்டியதும் இரண்டு நித்திரையும் சேர்ந்து ஒன்றாகிவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் மூன்று மணி தாண்டித்தான் எழும்புவாள். கிழமை நாட்களில் டேகேரில் அரைகுறை நித்திரை, ஞாயிறுதான் ஆற அமரப் படுப்பாள். ஒன்றரை மாதமாக நான் நகரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கார் ஓடி வந்து, துர்க்கா அக்கா ஊற்றித் தருகிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போகிறேன்.

ஒரு நாள், எழுப்பட்டுமா என்று கேட்டேன்.

"நித்திரை கொள்ளுற பிள்ளையை ஆரும் எழுப்புவினமே?" என்றார் அக்கா.

"அப்ப பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டாவது இருக்கிறன்."

"ஐயோ, கூடாது. நித்திரையில பிள்ளையை வடிவு பாக்கக் கூடாது, கண்ணூறு படும். அதுவும் தகப்பன்ர கண் சும்மா விடாது."

என் கண்ணில் அப்படி என்ன நஞ்சு இருக்கிறதோ! ஆனால் ஹோலில் பிள்ளையின் அறைக் கமராவின் சின்னத் திரை இருந்தது. அதைப் பார்க்கத் தடையில்லை. கமராவுக்குள்ளால் கண்ணூறு போகாதாம். சாம்பல் நிறத்தில், உள்ளங்கை அளவில் என் மகள் குப்புறக் கிடப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு பிஸ்கட் சாப்பிடுவேன்.

போன ஞாயிறு ஒரு முடிவோடு போனேன். நேரத்தைக் காலை பத்து மணிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது. சனி இரவு வேலை முடித்து நித்திரையில்லாமல் வர வேண்டியிருக்கும், பரவாயில்லை. 'கொஞ்சம் கதைக்க வேணும்' என்று முதல் நாளே நிலாணிக்கு மெசேஜ் போட்டிருந்தேன். இப்படியே விட்டால் பிள்ளைக்கு என்னைத் தெரியாமலே போய்விடும். அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

துர்க்கா அக்கா கோயிலுக்குப் போயிருந்தார். கதவைத் திறந்த நிலாணியின் கண்கள் சிவந்திருந்தன.

"இப்பத்தான் படுத்தவள். இருங்கோ, கதைப்பம்" என்று சோபாவில் சாய்ந்தவள் அப்படியே உறங்கிவிட்டாள். அவளை எழுப்பவும் எனக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் வீதியால் ஒரு தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு போயிற்று. திரையில் ஆரபி தலையைத் தூக்கினாள். பொய் சொல்லக் கூடாது, எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் எழுப்பவில்லை, அவளாகவே எழும்புகிறாள்! மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினேன்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் துணியின் மடிப்புப் பதிந்திருந்தது.

"ஆரபிக்குட்டி, அப்பா வந்திருக்கிறன்" என்று கையை நீட்டினேன்.

என்னைப் பார்த்தாள். கீழுதடு பிதுங்கியது. சுவரோரம் ஒதுங்கி வீரிட்டு அழுதாள். எனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. என்னைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறாள்.

தூக்கியிருக்கலாம். கொஞ்சம் கத்திவிட்டு, விளையாட்டுக் காட்டினால் அடங்கியிருப்பாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எனக்குக் கிடைத்திருக்கும். ஆனால் அவள் கண் நிறைய நித்திரை. அழுகிற அழுகையிலேயே தலை தொங்கி விழுந்தது. இப்போது எழும்பினால் இரவு வரை சிணுங்கிச் சிணுங்கி வாடிப்போவாள் என்று எனக்குத் தெரியும். என் முகத்தை அவளுக்குத் தெரியாதபடி மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, அவள் முதுகில் கையை வைத்தேன்.

அழுகை நின்றது. மெல்லச் சரிந்து படுத்தாள். தட்டினேன். முகத்தை மறந்த பிள்ளை கையை மறக்கவில்லை. மூச்சு சீரானது. நான் கையை எடுக்கவில்லை. அழுதுகொண்டே தட்டினேன்.

அழுகைச் சத்தத்துக்கு ஓடி வந்த நிலாணி வாசலிலேயே நின்றுவிட்டாள். அறை மங்கல் இருட்டு, வாசலிலிருந்து என் கண்ணீர் அவளுக்குத் தெரிந்திருக்காது.

"இடையில எழும்பினா எங்களிட்டத் திரும்பப் படுக்கவே மாட்டாள்" என்றாள் மெல்ல. "உங்கட கைக்குத்தான் படுக்கிறாள். ஞாயிறிலயாவது பிள்ளை நல்லா நித்திரை கொள்ளட்டும். இதே நேரத்துக்கே வாங்கோ, என்ன? நானும் கொஞ்சம் சரிஞ்சு எழும்புவன்."

பிரிந்த பிறகு அந்த வீட்டில் என்னை யாரும் வாங்கோ என்று சொன்னதில்லை.

"ஏதோ கதைக்க வேணும் எண்டனீங்கள்?"

"ஒண்டுமில்லை" என்றேன். "நீர் போய்ப் படும். அடுத்த கிழமையும் ஒரு மணிக்கு வாறன்."