செல்லக்கண்ணு படத்துக்குக் கீழே

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் என் காய்கறிக் கடைக்கு மேலே ஒரு பெரிய படம் தொங்கியது. அதில் சிரித்தவள் செல்லக்கண்ணு, எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் கூலாய்ப் பக்கம் கத்தரிக்காய் போடுபவள். கீழே கொட்டை எழுத்தில் ‘மருந்து அடிக்காத காய்’. மாட்டியது நான்தான். பேச்சில் இந்த ரவூப்பை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் தோட்டத்துக்குப் போய், அங்குள்ள எட்டுக் குடும்பங்களையும் உட்காரவைத்துப் பேசினேன். “மருந்த விடுங்க. வேப்பங்கொட்டைக் கரைசல் அடிங்க, வரப்புல செண்டுமல்லி போடுங்க. மண்ணு தேறுற வரைக்கும் காய் எப்படி வந்தாலும் நான் எடுத்துக்கறேன்.” நம்பினார்கள். கரைசல் கலக்கும் பொறுப்பைச் செல்லக்கண்ணு ஏற்றுக்கொண்டாள்.

காய் ஓட்டையோடுதான் வந்தது. என் வாடிக்கையாளர்களோ கத்தரிக்காயை நாலு பக்கமும் திருப்பி, காம்பு வரை சோதித்துத்தான் பையில் போடுவார்கள். இருபது வருடமாக “ஓட்டை இல்லாம பாத்து எடுங்க” என்று அவர்களைப் பழக்கியவனும் நானே. “என்ன பாய், புழுவும் சேத்தா விக்கறீங்க?” என்று ஒரு அம்மா கேட்டதும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே மொத்த வியாபாரியிடம் மருந்தடித்த பளபளப்பான காயை வாங்கி, அதே படத்துக்குக் கீழே அடுக்கினேன். அவர்கள் அனுப்பிய காய் குப்பைத்தொட்டிக்குப் போனது.

போன சனிக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் செல்லக்கண்ணு வந்து நின்றாள்.

“சாயந்திரம் எட்டு வீடும் கூடுது பாய். காய் இன்னும் ஓட்டையாத்தான் வருதுன்னு மூணு வீடு திரும்ப மருந்துக்கே போறேங்குது. உங்க கடைய நேர்ல பாத்துட்டு வந்து சொல்றேன்னு கெளம்பிட்டேன்.”

ஒரு காயை எடுத்துத் திருப்பினாள். “இது எங்களது இல்லையே. யாரு போட்டது?”

“வேற தோட்டம்மா.”

“மருந்து இல்லாமயா?”

பக்கத்தில் இரண்டு பேர் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். “ஆமா லா” என்றேன். அப்போது நாக்கு கூசவில்லை. இப்போது நினைத்தால் உடம்பே கூசுகிறது.

அவள் முகம் சுருங்கிவிட்டது. “அப்ப நான்தான் கரைசல சரியா கலக்கல. எட்டு வீட்டு வெள்ளாமையயும் நான்தான் கெடுத்துட்டேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்தத் தோட்டத்தக் காட்டுங்க பாய். எல்லாரும் வேன் பிடிச்சு வந்து கத்துக்கறோம்.”

என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். என் பொய்க்கு அவள் வெட்கப்பட்டு நிற்பதைத் தாங்க முடியவில்லை.

“மருந்து அடிச்ச காய்ம்மா. எல்லாமே. உங்க காய நான் குப்பையில போட்டுட்டேன்.”

பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் காயைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். நான் தலையைக் குனிந்து அவள் ஏச்சுக்குக் காத்திருந்தேன். ஏசவில்லை. அவசரமாகக் கைபேசியை எடுத்துத் தன் கணவன் மருதப்பனைக் கூப்பிட்டாள். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

“என்னங்க, நம்ம மேல தப்பே இல்லங்க! இங்க இருக்கறது மருந்தடிச்சதாம். நம்ம கரைசல் சரிதான். யாரும் விட்டுட வேணாம்னு சொல்லுங்க. வாங்கறதுக்கு வேற ஆளப் பாத்துக்கலாம்.”

மறுமுனையில் அவர் என்னைப் பற்றி ஏதோ கேட்டிருக்க வேண்டும். செல்லக்கண்ணு என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள்.

“பாயா? அவரு வேலையா இருக்காரு” என்றாள்.

நான் சும்மாதான் நின்றுகொண்டிருந்தேன்.