வாயை மூடிய துப்பறிவாளர்

உண்மை ஒருநாள் வெளிவந்தே தீரும்; அதை வெளிக்கொணரவென்றே சிலர் பிறவி எடுக்கிறார்கள். அப்படிப் பிறவி எடுத்த ஒருவர், ஞாயிற்றுக்கிழமை மதியம், மைத்துனன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பகடையைக் குலுக்கியபடி உட்கார்ந்திருந்தார். மற்ற நாட்களில் அவர் பல் டாக்டர்.

விளையாட்டு இதுதான்: மைத்துனன் கதை சொல்வான்; கதையில் வரும் மற்ற ஆட்களுக்கும் அவனே பேசுவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடத்தில் அதற்குள் புகுந்து, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். மச்சினி திருடி. பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் வாள்வீரர். டாக்டர் துப்பறிவாளர், அதற்கென்று ஒரு தொப்பியே வாங்கியிருந்தார்.

கேள்வி கேட்பதில் புலி. பதிலுக்குக் காத்திருக்கத்தான் தெரியாது. வாய் நிறையப் பஞ்சோடு படுத்திருப்பவர்களிடம் வருடக்கணக்காகக் கேள்வி கேட்டு, பதிலையும் தானே சொல்லிப் பழகிவிட்டார். போன வாரம் கதையில் வந்த ஒரு காவலாளியையே மாலைவரை விசாரித்ததில், மச்சினி மேசையில் தலைவைத்துத் தூங்கிப்போனாள்.

"இன்னைக்கும் இப்படியே போச்சுன்னா அடுத்த வாரம் நீங்க வர வேணாம் அத்தான்" என்று மைத்துனன் வாசலிலேயே சொல்லிவிட்டான். டாக்டருக்குச் சுருக்கென்றது. அவர் முன்னால் வாயைத் திறப்பவர்கள் ஏராளம்; அவரோடு பேசுபவர்கள் இந்த மேசையில்தான் இருந்தார்கள்.

"பூட்டின ரூமுக்குள்ள மாளிகை முதலாளி செத்துக் கெடக்கறார்" என்று ஆரம்பித்தான் மைத்துனன்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "சமையல்காரனக் கூப்பிடு. ஏன்டா, நேத்து எங்க இருந்த? அடுப்படியிலதானே? அப்போ கத்தி உன் கையிலதானே இருந்திருக்கும்?"

"அத்தான், சமையல்காரன் நான்தான். என்னையும் கொஞ்சம் பேச விடுங்க."

"அவன் வாயிலயும் பஞ்ச அடைச்சிட்டீங்களா?" என்றாள் மச்சினி.

டிரைவர் சிரிக்கவில்லை. தன் வாள்வீரரின் விவரங்கள் எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த டாக்டர் மச்சினியின் பக்கம் திரும்பினார்.

"நீ பூட்டு வெவகாரம் தெரிஞ்சவ. இதுல உன் கண்ணுக்கு என்ன படுது?"

கேட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார். பதில் நாக்கின் நுனிவரை வந்து முட்டியது. அவருடைய நோயாளிகள் பிடிப்பதுபோலவே நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

மச்சினி பகடையை உருட்டினாள். "பூட்டுல கீறல் ஏதாவது இருக்கா?"

"இருக்கு. உள்பக்கமா" என்றான் மைத்துனன்.

"அப்போ கொலகாரன் உள்ளயே ஒளிஞ்சிருந்திருக்கான்!" அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"டிரைவர், நீங்க வாள்வீரர். காயத்தப் பத்தி நீங்கதான் சொல்லணும்" என்றார் டாக்டர்.

பையிலிருந்து தாள் வெளியே வந்தது. "வெட்டு எந்தப் பக்கமா எறங்கியிருக்கு?" என்று டிரைவர் விசாரித்து, இது இடதுகைக்காரன் வேலை என்று அடித்துச் சொன்னார். அப்புறம் மச்சினியும் டிரைவரும் மைத்துனனும் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து கத்தினார்கள்; டாக்டர் நாற்காலிக் கையை விடவேயில்லை. மாளிகை மாடிப்படியில் வாள்சண்டை நடந்தது, ஆள் பிடிபட்டான்.

பகடைகளைப் பொறுக்கியபடி மைத்துனன் சொன்னான்: "அடுத்த வாரம் சீக்கிரம் வந்துடுங்க அத்தான். நீங்க இல்லாம ஆரம்பிக்க மாட்டோம்."

வீட்டில் மனைவி கேட்டாள்: "என்ன, முகமெல்லாம் பல்லா இருக்கு?"

"கண்டுபிடிச்சிட்டோம்ல!"

"யாரு கொன்னது?"

வாயை மூடிக்கொண்டிருப்பதிலேயே கவனம் முழுவதும் போய்விட்டதால், கொலைகாரன் யார் என்பதை அவர் காதில் வாங்கியிருக்கவில்லை.